கரிமச் சேர்க்கைக்கு உகந்த வினையூக்கி எது?

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலால் வளர்ந்த சிவகாசிக்கு வினையூக்கி புதிய பொருளன்று. பொட்டாசியம் குளோரேட்டு பிராணவாயுவை எளிதில் விடத் துணைநிற்கும் மாங்கனீஸ் டையாக்சைடு, தீக்குச்சி மருந்தில் சேர்ந்து வந்ததே. இவ்வட்டாரக் கல்லூரிகளில் முதுகலை ரசாயனம் பயின்று, கரிம மூலக்கூறில் புதிய தொகுதியைப் பொருத்த முற்படும் மாணவர் முன் மூன்று மார்க்கங்கள் உள்ளன.

முதலாவது பல்லேடியம். இரண்டு பென்சீன் வளையங்களைக் கார்பனோடு கார்பனாக இணைக்க, ஹாலைடையும் போரானிக் அமிலத்தையும் காரத்தின் துணையோடு சேர்க்கும் சுசுகி முறைக்கு நிகரானது அரிது; ஹெக், நெகிஷி ஆகியோருடன் சுசுகி 2010-இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் விலை அதிகம். மருந்துப் பொருளாயின் உலோக எச்சத்தை அனுமதிக்கப்பட்ட மிகச்சிறு வரம்புக்குள் குறைத்தாக வேண்டும். ஹைட்ரஜனேற்றத்துக்குப் பயன்பட்ட கரிமேற் பல்லேடியத்தை வடிதாளில் உலரவிட்டால் தானே தீப்பற்றக்கூடும் என்பதால், அதை ஈரமாகவே வைக்கவேண்டும்.

இரண்டாவது தாமிரம். மயில்துத்தமும் சோடியம் அஸ்கார்பேட்டும் கொண்டு, நீர் கலந்த கரைப்பானில், சூடேற்றாமலே அஸைடையும் அல்கைனையும் டிரையஸோல் வளையமாகப் பிணைக்கலாம். 2022-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இத்துறைக்குரியது. ஆனால் கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் கூட்டுத்தொகை நைட்ரஜன் அணுக்களைப்போல் மும்மடங்கேனும் இல்லாத அஸைடுகள் வெடிக்கும் இயல்பின. சோடியம் அஸைடு அமிலத்தையோ டைகுளோரோமீத்தேனையோ அணுகலாகாது.

மூன்றாவது புரோலின் என்னும் அமினோ அமிலம். அசிட்டோனை ஆல்டிஹைடுடன் இணைத்து, வலக்கை இடக்கை போன்ற இருவடிவங்களில் ஒன்றையே மிகுதியாகத் தரும் இதன் ஆற்றலை 2000-ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்ட் முதலியோர் நிறுவினர். அவரும் மாக்மில்லனும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உலோகமில்லை, காற்றை விலக்கவேண்டியதில்லை. ஆயினும் வினைபொருளின் மோல் அளவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தேவைப்படுவதும், சில வினைகள் நெடுநேரம் கொள்வதும் இதன் குறைகள்.

ஆகவே எந்தப் பிணைப்பு வேண்டும் என்பதை முதலில் நிர்ணயித்துக்கொள்க. வளையங்களை இணைக்கப் பல்லேடியமும், இரு பெரிய மூலக்கூறுகளைத் தொடுக்கத் தாமிரமும், கைத்தன்மையுள்ள ஆல்கஹாலுக்குப் புரோலினும் உசிதம். ஒன்றுக்கு மேற்பட்ட வழி இசையுமாயின், அபாயம் குறைந்ததையே ஏற்க. கந்தக பூமியாம் இச்சிவகாசியில் ஒரு கவனக்குறைவுக்குக் குடும்பங்கள் கொடுத்த விலையை நாம் அறிவோமாதலால், நல்ல மகசூலைவிடப் பத்திரமாக வீடு திரும்பும் மாணவரே ஆய்வுக்கூடத்தின் முதற்பயன்.