மெதுவாக நகர்வது மென்மையாக அழுத்துமா?

சில பேருந்துகளில் கதவு 'புஸ்' என்ற ஓசையுடன் தானே மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை நகர்த்துவது அழுத்தப்பட்ட காற்று. ஓர் உருளை, அதனுள் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டன், பிஸ்டனுடன் இணைந்த தண்டு, இவ்வளவுதான் கருவி. தொழிற்சாலைகளிலும் இத்தகைய உருளைகள் பொருள்களைத் தள்ளுகின்றன, தூக்குகின்றன, இறுகப் பிடிக்கின்றன. இவற்றின் விசையையும் வேகத்தையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

முதலில் விசையைப் பார்ப்போம். விசை = அழுத்தம் × பரப்பு என்பது நீங்கள் வகுப்பில் படித்ததே. உருளையின் உள்விட்டம் 50 மி.மீ. என்று கொள்வோம். பிஸ்டனின் பரப்பு சுமார் 0.00196 சதுர மீட்டர். வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் 6 பார், அதாவது 6,00,000 பாஸ்கல் அழுத்தமுள்ள காற்றைச் செலுத்தினால், விசை சுமார் 1,178 நியூட்டன். இது 120 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடைக்குச் சமம்! திரும்பி வரும்போது விசை சற்றுக் குறையும். தண்டு இருக்கும் பக்கத்தில் காற்று அழுத்துவதற்குக் கிடைக்கும் பரப்பு குறைவல்லவா? தண்டின் விட்டம் 20 மி.மீ. ஆனால், இழுவிசை சுமார் 990 நியூட்டன்தான்.

ஆகவே, விசையைக் குறைக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு உதவுவது அழுத்தச் சீராக்கி.

இனி வேகம். ஊசி நீக்கிய மருந்துப் பீச்சுக்குழல் ஒன்றை எடுத்து, காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முனைத் துளையை விரலால் பாதி மூடிக்கொண்டு தள்ளுங்கள். பிஸ்டன் மெல்ல நகர்கிறது. விரலை எடுத்துவிட்டு அதே விசையுடன் தள்ளினால் விரைந்து ஓடுகிறது. காற்று வெளியேறும் வழியின் அகலமே இங்கு வேகத்தைத் தீர்மானிக்கிறது. உருளைகளில் விரலின் வேலையைச் செய்வது ஒரு திருகு வால்வு.

காற்று உள்ளே வரும் வழியைக் குறுக்கினால் என்ன? அப்போதும் வேகம் குறையும். ஆனால் இயக்கம் பெரும்பாலும் சீராக இராது. ஓய்விலுள்ள பிஸ்டனை அசைக்கத் தேவையான விசை, ஓடும் பிஸ்டனுக்குத் தேவையானதைவிட அதிகம். அழுத்தம் மெல்ல ஏறி, பிஸ்டன் திடீரெனத் தாவும். தாவியதும் காற்று விரிந்து அழுத்தம் குறையும்; பிஸ்டன் நின்றுவிடும். நின்று நின்று தாவும் இந்த ஓட்டத்தைத் தவிர்க்கவே, பெரும்பாலும் வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்போது பிஸ்டன் இரு காற்று மெத்தைகளின் இடையே சீராக நகர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருகை இறுக்கிக் கதவை மெதுவாக்கிவிட்டோம். இனி கை சிக்கினாலும் வலிக்காது என்று எண்ணலாமா? கூடாது. கை தடுத்ததும் பிஸ்டன் நிற்கும். ஆனால் எதிர்ப்பக்கக் காற்று சிறு துளை வழியே கசிந்துகொண்டே இருக்கும். சில கணங்களில் எதிரழுத்தம் மறைந்து, முழு 1,178 நியூட்டனும் கையின்மேல் இறங்கும். திருகு வேகத்தை மட்டுமே குறைக்கும். விசையைக் குறைப்பது சீராக்கியே. அதனால்தான் மனிதர் நெருங்கும் இடங்களில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதோடு, தடை பட்டதும் பின்வாங்கும் அமைப்பையும் சேர்க்கிறார்கள்.

ஒரு கணக்கு: மேற்சொன்ன உருளை 200 நியூட்டனுக்கு மேல் தள்ளக் கூடாது. சீராக்கியை அதிக அளவாக எத்தனை பாரில் வைக்கலாம்? (விடை: சுமார் 1 பார்.)