பாலருக்குப் பாடம் சொல்லும் முறை

பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போகும் நம் வியாபாரச் சகோதரர்கள் ஆசிரியையிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பான்?" என்பதுதான். சரக்கு என்றைக்கு வந்து இறங்கும் என்று கேட்டுப் பழகிய நாக்கு அல்லவா! பணம் கட்டுகிறவர் பலனைக் கேட்பது நியாயமே. ஆனால் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குள் கல்வி எந்த வாசல் வழியாகப் புகுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதை ஆராய்ந்து கண்ட ஓர் அம்மையாரின் முறையை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்கிறோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ம் ஆண்டு இத்தாலி தேசத்தில் பிறந்தவர். வைத்தியப் படிப்பில் தேறி டாக்டர் பட்டம் பெற்றவர். 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின், கவனிப்பாரின்றிச் சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளே அங்கு மாணாக்கர். இவருக்கும் தமிழ் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1939-ம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலக யுத்தம் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கோடைக்கானலிலும் சில காலம் இருந்து, 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1952-ல் காலமானார்.

அவருடைய முதல் பள்ளியில் நடந்த ஒரு சம்பவம் நமக்கு எளிதில் விளங்கும். பாடக் கருவிகளை ஆசிரியை அலமாரியில் வைத்துப் பூட்டி, தாமே எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். பிள்ளைகள் தாங்களே திறந்து, வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டுக் குணம் என்று ஆசிரியை நினைத்தார். அம்மையாரோ, எந்தப் பொருள் தமக்கு வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது என்று கண்டுகொண்டார். அதன்பின் அலமாரிகள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்தே இருந்தன. சரக்கையெல்லாம் மேசைக்குப் பின்னால் வைத்துக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்த கடைகள், வாடிக்கையாளரே பார்த்து எடுக்கும் கடைகளாக மாறியதை நாம் அறிவோம். அப்படிப்பட்ட கடையில் முதலாளியின் திறமை சரக்கை அடுக்கி வைப்பதில் தெரியும். பாலர் ஆசிரியையின் திறமையும் அவ்வாறே. முதலில் ஒழுங்காக அடுக்கி வைக்கிறார். பிறகு பிள்ளை எதை நாடுகிறது என்று கவனிக்கிறார். தேவைப்படும்போது மட்டும் அருகில் வருகிறார்.

இம்முறையில் கல்வி கையில் தொடங்குகிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கிறது. அதன் ஓசையைக் கேட்டுச் சொல்கிறது. பென்சில் பிடிக்கும் முன்பே எழுத்தின் வடிவம் விரலில் பதிந்துவிடுகிறது. கணக்கும் அப்படியே. ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து மணி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனமான ஒரு கட்டி. ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு, அது ஒன்றைவிட எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை. தராசு பிடித்த நமக்கு இதன் அருமை தெரியும்.

பெயர் சொல்லிக் கொடுக்க மூன்று படிகள் உண்டு. செகுவன் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் வழியை அம்மையார் எடுத்துக்கொண்டது இது. ஓதக் கற்பிப்பதற்கும் இதைப் பயன்படுத்தலாம். அலிபையும் பேயையும் எடுத்துக்கொள்வோம். முதற்படியில், "இது அலிப், இது பே" என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் படியில், "அலிப் எது, காட்டு, பே எது, எடுத்துத் தா" என்று விளையாட்டுப்போல் பல தரம் கேட்க வேண்டும். மூன்றாம் படியில்தான் ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்று வினவ வேண்டும். இரண்டாம் படியில் பிள்ளை தடுமாறினால் அதட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம்மில் பலர் நேரே மூன்றாம் படிக்குத் தாவுகிறோம். பதில் வராவிட்டால் கை ஓங்குகிறோம். அதனால் பிள்ளை மனத்தில் எழுத்துக்கு முன் அச்சம் பதிகிறது.

இது அந்நியர் முறை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அது தானே இறங்கும்வரை ஸுஜூதை நீட்டிய செய்தி நாம் அறிந்ததே. பிள்ளைகளைத் தொழுகைக்கு ஏவும்படி அவர்கள் கூறியது ஏழு வயதில். அதற்கு முன்னுள்ள பருவம் பார்த்துப் பழகும் பருவம் என்பது இதிலிருந்து புலப்படும். ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டில் விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் அழுத்தினால் அதன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்றும் 'இஹ்யா'வில் எச்சரித்திருக்கிறார்கள்.

ஆகவே, பாலர் பள்ளியைத் தேடும்போது சில விஷயங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேசை நாற்காலி பிள்ளையின் அளவில் இருக்கின்றனவா? பொருள்கள் கைக்கு எட்டுகின்றனவா? ஆசிரியை குனிந்து பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறாரா, தூரத்திலிருந்து சத்தம் போடுகிறாரா? கைகழுவவும், சிந்தியதைத் துடைக்கவும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும் பிள்ளைக்கு வழி இருக்கிறதா? தமிழ் பேசும் ஆசிரியை உண்டா? நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பக்கம் நிரம்பியது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளியில் பிள்ளை இருப்பது சில மணி நேரமே. மற்ற நேரத்துக்கு வீடும் கடையும்தான் பள்ளி. கடைக்கு வந்த பிள்ளை ஒரு மூலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி இன்று சாதாரணமாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு தட்டில் கொண்டைக்கடலையும் மொச்சையும் கலந்து கொடுத்து, பெரியவர் அருகிலிருக்கப் பிரிக்கச் சொல்லலாம். சில்லறையை இனம் வாரியாக அடுக்கச் சொல்லலாம். கொத்தமல்லி, சோம்பு, பட்டை ஆகியவற்றை முகர்ந்து பெயர் சொல்லச் செய்யலாம். இவற்றுக்கு ஒரு காசு செலவில்லை. இப்படிப் பேசும் பேச்செல்லாம் தமிழில் இருக்கட்டும். வீட்டில் கேளாத மொழியைப் பாடப் புத்தகம் மட்டும் பிள்ளையின் நாவில் கொண்டுவந்து வைத்துவிடாது. உம்மாவும் வாப்பாவும் வாய் திறந்து பேசினால்தான் அடுத்த தலைமுறையிலும் நம் கடைகளில் தமிழ் கேட்கும்.

சகோதரர்களே! கடையடைத்து வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது என்பது நம்மில் பலருடைய நிலைமை. ஆயினும் காலையில் கால் மணி நேரமாவது பிள்ளையின் அருகில் தரையில் உட்கார்ந்து, அது செய்வதைப் பொறுமையாகப் பார்ப்போமாக. நம் மக்களை ஈமானும் நல்லறிவும் உள்ளவர்களாக வளர்க்க வல்ல அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.