எழுத்துப்பணியும் அமானிதமும்

முன்னுரை

தமிழ் பயின்றோர்க்கு ஆசிரியப்பணி ஒன்றே வாழ்வழி என்றிருந்த நிலை இன்று மாறியுள்ளது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், விளம்பர வாசகம், காணொளிக்கான உரை எனப் பல பணிகளை வீட்டிலிருந்தவாறே செய்து ஊதியம் பெறும் வாய்ப்பு நம் மாணவர்க்கு, சிறப்பாக மாணவியர்க்கு, வாய்த்துள்ளது. ஆயின், பணி தருபவர் பெரும்பாலும் முகமறியாதவர். கைப்பேசிச் செய்தி வழியே அறிமுகமானவர். அத்தகையவர் ஆதார், பான் எண், வங்கி விவரம், ஒளிப்படம், கையொப்பம் ஆகியவற்றைக் கேட்கும்போது எதைத் தருவது, எப்போது தருவது, எதை மறுப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது ஒன்று

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர்க்குத் தட்டச்சுப் பணி ஒன்று வந்தது. பணி தொடங்குமுன்பே ஆதார் நகல், ஒளிப்படம், கையொப்பமிட்ட ஒப்பந்தம் மூன்றையும் கேட்டனர், அவரும் அனுப்பினார். ஐந்தாம் நாள், 'பக்கங்களில் பிழை மிகுதி, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர், இழப்பீடு தராவிடில் வழக்கு' என்றொரு அறிவிப்பு வந்தது. அதில் அவருடைய ஒளிப்படமும் தந்தையின் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. அவை யாவும் அவரே அனுப்பிய நகலிலிருந்து எடுக்கப்பட்டவை. அஞ்சிய அம்மாணவி தோழியரிடம் கடன் பெற்று இருமுறை பணம் செலுத்தினார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் நம்மிடம் வந்தார். அவ்வறிவிப்பில் வழக்கு எண்ணும் இல்லை. நீதிமன்றத்தின் பெயரும் இல்லை. புகார் அளித்தபின் மிரட்டல் நின்றது. செலுத்திய பணம் மீளவில்லை. 'வீட்டில் ஏன் கூறவில்லை?' என்று வினவினோம். 'கூறினால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள், ஐயா' என்றார். அவ்விடையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

படிநிலை அறிந்து தருதல்

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்பது 51ஆவது அதிகாரம். ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் வள்ளுவர் ஒருங்கே துன்பம் தருவனவாகக் காண்கிறார். ஆதலின், எவரையும் நம்பாமை தீர்வாகாது. பணியின் ஒவ்வொரு படிநிலைக்கும் எது தேவையோ அதை மட்டும் தருவதே தீர்வாகும். அப்படிநிலைகள் வருமாறு:

1. பேச்சு நிலை: பெயர், கல்வித்தகுதி, முன்பு எழுதியவற்றின் மாதிரி, மின்னஞ்சல் முகவரி ஆகியன போதும். எழுதும் திறனை அறிய ஆதார் எண் தேவையில்லை. இந்நிலையில் நாமும் கேட்கவேண்டும்: நிறுவனத்தின் பெயர் என்ன? அலுவலகம் எங்குள்ளது? முன்பு இவர்களிடம் பணி செய்து ஊதியம் பெற்றவர் யார்?

2. உடன்பாட்டு நிலை: பணியின் அளவு, கூலி, முடிக்கும் நாள், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிப்பதாகும். வெற்றுத்தாளிலும், முழுதும் படித்தறியாத ஒப்பந்தத்திலும் கையொப்பமிடலாகாது.

3. ஊதிய நிலை: வங்கிக் கணக்கு எண், கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவை பணம் பெறப் போதுமானவை. ரத்து செய்த காசோலை கேட்பின் அதில் கையொப்பம் இடவேண்டியதில்லை. வருமானவரிப் பிடித்தம் செய்யும் நிறுவனம் பான் எண் கேட்பது முறையே. தொழில்முறைப் பணிக்கு ஒருவர் பெறும் தொகை ஆண்டில் 50,000 ரூபாயைக் கடப்பின் 10 விழுக்காடு பிடித்தம் செய்வர். 2025 ஏப்ரலுக்கு முன் இவ்வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. பான் எண் தராவிடில் பிடித்தம் 20 விழுக்காடாகும்.

4. எந்நிலையிலும் தரலாகாதவை: ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓ.டி.பி., யு.பி.ஐ. இரகசிய எண், ஏ.டி.எம். அட்டை விவரம். பணம் செலுத்தவே இரகசிய எண் வேண்டும். பணம் பெற அது வேண்டுவதே இல்லை. முன்பணம் கட்டினால்தான் பணி என்பாரும், 'உங்கள் கணக்கில் பணம் வரும், தரகு எடுத்துக்கொண்டு மீதியைப் பிறர்க்கு அனுப்புக' என்பாரும் பணி தருவோர் அல்லர். பின்னவரின் சொற்கேட்டால் நம் கணக்கு முடக்கப்படுவதோடு காவல்துறை விசாரணைக்கும் ஆளாக நேரும்.

அடையாளச் சான்று தவிர்க்கவியலாதபோது, 12 இலக்கங்களில் இறுதி 4 மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அளிக்கலாம். நகலின் குறுக்கே பெறுபவர் பெயர், நோக்கம், நாள் ஆகியவற்றை எழுதுதல் நன்று.

சட்டத்தின் துணை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் பெயரால் ஆதாரைப் பயன்படுத்தத் தனியார்க்கு 57ஆம் பிரிவில் இருந்த வழியை 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பு நீக்கியது. 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குறித்த நோக்கத்திற்குத் தேவையான தரவையே ஒப்புதல் பெற்றுக் கையாளவேண்டும் என்னும் கொள்கையை உடையது. எனவே, 'இது எதற்காக?' எனக் கேட்பது மரியாதைக் குறைவன்று; உரிமையாகும்.

நம்மிடம் உள்ள அமானிதம்

எழுதுவோர் தம் விவரங்களைக் காத்தால் மட்டும் போதாது. மொழிபெயர்க்க வரும் நிக்காஹ் சான்றிதழ், சொத்துப் பத்திரம், மருத்துவக் குறிப்பு ஆகியன பிறருடைய மறைபொருள்கள். அவற்றைத் தோழர்க்குக் காட்டுதலும், பணி முடிந்தபின் தேவையின்றி வைத்திருத்தலும் அமானிதத்திற்கு மோசம் செய்தலாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'அல் அமீன்' எனப் போற்றப்பெற்றது நபித்துவத்திற்கு முன்பே, கொடுக்கல் வாங்கலில் கண்ட நம்பகத்தால் அன்றோ!

முடிவுரை

ஏமாற்றப்பட்டவர் உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்தல் வேண்டும். வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். காலம் தாழ்த்துந்தோறும் பணம் கைமாறிச் சென்றுவிடும். அக்காலத்தைத் தின்பது பெரும்பாலும் வீட்டாரிடம் கொண்ட அச்சமே. ஆதலின், பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளை வந்து கூறும்போது முதலில் சினவாதீர்கள்; கைப்பேசியையும் படிப்பையும் பறிக்காதீர்கள். மிரட்டுவோனுக்குப் பெரிய படைக்கலம் ஆதார் நகலன்று. 'வீட்டில் சொல்லமாட்டாள்' என்னும் அவனது துணிவே. அத்துணிவை உடைப்பது நம் கையில் உள்ளது. மாணவர்கள் அறிந்து தருவாராக. பெரியோர் அணைத்துக் காப்பாராக. எழுத்துப்பணியில் நம் பிள்ளைகள் சிறக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!