குக்கர் விசிலுக்குள்ள அஞ்சு பஸ்கி

ஹைதராபாத் வந்து ஆறு மாசமா நாற்காலியே கதின்னு இருக்கே, முதுகு பிடிச்சுக்குதுன்னு நேத்து போன்ல சொன்னே. ஜிம்முக்கு வருஷப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்லயே தண்டாலும் பஸ்கியும் செஞ்சு பாரு. அங்கே பழைய நகரத்துத் தாலீம்கள்ல பயில்வான்கள் 'தண்ட், பைட்டக்'னு எடுக்கறதும் இதே வகைதான்.

பஸ்கியில தொடங்கு. அடுப்பு மேடை விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. பின்னாடி முக்காலி இருக்கறதா நினைச்சு இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்கு. இறங்கறப்போ மூச்சை இழு, எழுந்திருக்கறப்போ விடு. பயில்வான்கள் குதிகாலைத் தூக்கித்தான் செய்வாங்க. அது பழகின முழங்காலுக்கு. உனக்கு இப்போ குதிகால் தரையிலேயே இருக்கட்டும். முட்டி உள்பக்கம் சாயுதுன்னா பாதியோட நிறுத்திக்கோ.

தண்டாலைத் தரையில ஆரம்பிக்காதே. நிறைய பேர் மூணாம் நாளே விடறது அதனாலதான். சுவத்துல கையை ஊன்றி, ஒரு எட்டு தள்ளி நின்னு செய். ரெண்டு வாரம் கழிச்சு மேடை விளிம்பு, அப்புறம் கட்டில் விளிம்பு, கடைசியா தரை. எங்கே செஞ்சாலும் தலையிலிருந்து குதிகால் வரைக்கும் உடம்பு பலகையா நிக்கணும். இடுப்பு தொங்கினா முதுகுதான் வலிக்கும்.

முதல் வாரம் ரெண்டுலயும் அஞ்சு அஞ்சு, ரெண்டு சுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கூட்டினா போதும். வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை, 150 நிமிஷமாவது வேகமான நடைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடைக்கு இந்திரா பார்க்கோ சஞ்சீவய்யா பார்க்கோ போ. ஏப்ரல், மே வெயில்ல வெளிச்சம் வந்ததுமே முடிச்சுடு.

கிரானைட் தரையில சாக்ஸோட நிக்காதே, வழுக்கும். வெறுங்கால்தான் சரி. கர்லாக்கட்டை இப்போ வாங்காதே. தோள்பட்டை விஷயம், ஆசான் பக்கத்துல இருக்கணும்.

சாப்பாட்டுக்கு அந்த ஊர்லயே வழி இருக்கு: பச்சைப்பயறு பெசரட்டு. தார்நாகாவுல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல நம்ம குன்னூர்ல தொடங்கினது, 1958-லதான் ஹைதராபாத் போச்சு. அவங்க உணவு வழிகாட்டியிலயே உடற்பயிற்சிக்கும் இடம் கொடுத்திருக்காங்க. பட்டினியா கிடந்து பஸ்கி எடுக்காதே.

தொடை ரெண்டு நாள் வலிக்கும், பயப்படாதே. முட்டியில குத்தற மாதிரி வலி, தலைசுத்தல், நெஞ்சு இறுக்கம்னா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாரு. உன் ரூம்ல இருக்கற அக்காவுக்கு சிசேரியன் ஆயிருக்குன்னியே, அவங்க டாக்டர்கிட்டக் கேட்காம ஆரம்பிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை வரைக்கும் தள்ளாதே. நாளைக்குக் காலையில குக்கரை ஏத்திட்டு, முதல் விசிலுக்குள்ள அஞ்சு எடு. முடிச்சதும் எனக்கு போன் பண்ணு.