நரைமுடிக்கு மருதாணியும் நீல அவுரியும்

சாயத்தொட்டியோடு பழகிய நம் அங்கத்தினர் ஒருவரிடம், "இஃது இலைச்சாயம், ஒரே தோய்ப்பில், அரை மணி நேரத்தில், வெள்ளை நூலைக் கன்னங்கரிய நூலாக்கிவிடும்" என்று யாரேனும் ஒரு பொட்டலத்தைக் காட்டினால் அவர் நம்பமாட்டார். இலையிலிருந்தும் வேரிலிருந்தும் கறுப்பைப் பெறுவதற்கு எத்தனை தோய்ப்பு, எத்தனை உலர்த்தல் வேண்டும் என்பதை அவர் அறிவார். அதே அங்கத்தினர் தம் நரையை மறைக்க விரும்பிக் கடைக்குச் செல்லும்போதோ, 'கறுப்பு மருதாணி' என்று அச்சிட்ட உறையைக் கேள்வி கேளாமல் வாங்கி வருகிறார். நூலுக்குக் காட்டும் எச்சரிக்கையைத் தலைக்கும் காட்டவேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இந்த விஷயத்தை இவ்விதழில் எடுத்துக்கொண்டோம்.

முதலில் முடியின் இயல்பை அறிதல் நலம். முடியின் வேர்ப்பகுதியிலுள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கி, வளரும் முடியினுள் சேர்க்கின்றன. வயது ஏற ஏற அவை ஓய்ந்துவிடுகின்றன. பின்னர் வளரும் முடி நிறமின்றி வெளுத்து வருகிறது. தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்ற நாரேயாகும். ஆகவே எதைப் பூசினாலும் நரை 'குணமாவது' என்பது கிடையாது; வெளுத்த நாருக்குச் சாயம் ஏற்றுகிறோம், அவ்வளவே. இந்நார் கெரட்டின் என்னும் புரதத்தாலானது. ஆட்டு உரோமமும் அவ்வாறே. பட்டு வேறொரு வகைப் புரதம். பருத்தி புரதமே அன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மருதாணியின் தொழில் எளிதில் விளங்கும்.

மருதோன்றி என்றும் அழவணம் என்றும் வழங்கும் மருதாணியின் உலர்ந்த இலையில், சாதாரணமாக நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் லாசோன் என்னும் சாயப்பொருள் அடங்கியுள்ளது. இலைத்தூள் நீரில் ஊறும்போது அது மெல்ல வெளிப்பட்டுப் புரதத்தோடு நேரே பிணைந்துகொள்கிறது. நகத்திலும் தோலிலும் கம்பளியிலும் பட்டிலும் அது பிடிப்பதற்கு இதுவே காரணம். பருத்தி நூலில் அத்தகைய பிடிப்பு இல்லை. ஆனால் அது தரும் நிறம் ஒன்றே ஒன்றுதான்: செம்மஞ்சள் சார்ந்த சிவப்பு. கருமுடியின்மேல் அச்சிவப்பு வெயிலில் மட்டும் சற்றே தெரியும். நரைமுடியிலோ பளிச்சென்று தோன்றும். இலையிலேயே பழுப்பும் கறுப்பும் தரும் மருதாணிச் செடி உலகில் எங்கும் இல்லை.

இனிச் செய்முறை. குட்டையாக வெட்டிய தலைக்கு 50 முதல் 100 கிராம் தூளும், தோளளவுக் கூந்தலுக்கு ஏறக்குறைய 200 கிராமும் வேண்டும். இடுப்பளவுக் கூந்தலுக்கு இன்னும் மிகுதியாகும். தூளை மெல்லிய துணியில் சலித்து, வெதுவெதுப்பான நீர் விட்டுத் தோசை மாவினும் சற்றுக் கெட்டியான பதத்தில் கரைத்து, மூடி வைக்கவேண்டும். குளிர்காலத்தில் ஓர் இரவும், கோடையில் நான்கைந்து மணி நேரமும் ஊறினால் சாயம் இறங்கிவிடும். குழம்பின் மேற்பரப்பு பழுப்பேறி, உள்ளே பச்சையாக இருப்பது பதத்தின் அடையாளம்.

பட்டு நூலைச் சவுக்காரத்தில் வேகவைத்துப் பசை நீக்காமல் நாம் சாயத்தில் போடுவதில்லை. முடிக்கும் அதே விதி பொருந்தும். எண்ணெய் தடவிய தலையில் மருதாணியை அப்பிவிட்டு, பிடிக்கவில்லை என்று இலையைக் குறை கூறுவோர் பலர். முந்திய நாளே சீயக்காய் தேய்த்து எண்ணெய் போக அலசி, முடியை உலர்த்தி, பகுதி பகுதியாக வகிர்ந்து, வேர்க்கால் முதல் நுனிவரை பூசவேண்டும். நெற்றி ஓரத்திலும் காதிலும் மட்டும் சிறிது எண்ணெய் தடவினால் அங்குக் கறை படியாது. இரண்டு முதல் நான்கு மணி நேரம், குழம்பு காய்ந்து உதிராதபடி துணியால் சுற்றி வைத்துப் பின்னர் வெறும் நீரில் அலசலாம். அன்று தோன்றும் ஆரஞ்சு நிறத்தைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாட்களில் அது கருஞ்சிவப்பாக ஆழ்ந்துவிடும்.

குழம்பில் என்னென்ன சேர்ப்பது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. தேயிலைக் கஷாயத்தினால் நிறம் பெரிதாக மாறுவதில்லை. முட்டையும் தயிரும் முடிக்கு மென்மை தரலாம். சாயத்திற்கு அவை உதவுவதில்லை, முட்டையின் புரதம் சாயத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். எலுமிச்சஞ்சாறு மிகுந்தால் முடி வறண்டுபோகும். இரும்புச் சட்டியில் ஊறவைக்கும் பழக்கத்திற்கு மட்டும் பொருள் உண்டு: கலம்காரி வேலைக்காரர் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்புக் கோடு இடுவதைப் போல, இரும்பு சேர்ந்த குழம்பும் சற்றுக் கருமை அடையும். எனினும் அதனால் நரைமுடி கறுத்துவிடும் என்று எண்ணுவது வீண் ஆசை.

கறுப்பு வேண்டுவோர்க்கு இரண்டாவது தோய்ப்பு ஒன்று உண்டு. அதுதான் நீல அவுரி. நம் பெரியோர் தகரை விதையையும் சுண்ணாம்பையும் கூட்டிப் புளிக்கவைத்த நீலத் தொட்டியிலிருந்து நூலை வெளியே எடுத்தால், அது முதலில் மஞ்சட்பச்சையாக இருந்து, காற்றுப் பட்டவுடன் நீலமாக மாறும். அவுரி இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை. இண்டிகன் என்னும் நிறமற்ற பொருளாக இருக்கிறது. உலர்ந்த இலைத்தூளில் நீர் பட்டவுடன் இலையிலுள்ள நொதி அதைப் பிரிக்கிறது. அவ்வாறு பிரிந்த பொருள் நாருக்குள் புகுந்தபின் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நீலமாகிறது. இது நாருக்குள்ளேயே நிகழவேண்டும். கிண்ணத்திலேயே நிகழ்ந்துவிட்டால் தூள் வீணாகிவிடும். ஆகவே மருதாணியை இரவு முழுவதும் ஊறவைக்கும் நாம், அவுரியைக் கரைத்த பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குள் பூசத் தொடங்கவேண்டும். பலர் இரண்டையும் ஒரே மாதிரி ஊறவைத்து ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மருதாணியை அலசியபின், அன்றோ மறுநாளோ, ஏறக்குறைய அதே அளவு அவுரித்தூளை வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்புடன் கரைத்துப் பூசி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். புளிப்புப் பொருள் எதுவும் இதில் கூடாது. கொதிநீரும் கூடாது, நொதி அழிந்துவிடும். அலசியவுடன் முடியில் பச்சை நிறம் தென்படும். இரண்டு நாள் சவுக்காரமும் ஷாம்பும் படாமல் விட்டால் அது கருநீலமாகி, அடியிலுள்ள சிவப்போடு கூடிக் கறுப்பாகத் தோன்றும். மருதாணி இல்லாமல் நரைமுடியில் அவுரியை மட்டும் இட்டால் பச்சையும் நீலமுமாய் நின்று விரைவில் மங்கும். கறுப்பு வேண்டாம், பழுப்பே போதும் என்போர், ஊறிய மருதாணிக் குழம்பில், புதிதாகக் கரைத்த அவுரியைப் பூசும் வேளையில் கலந்து ஒரே முறையாக இடலாம்.

முழுத் தலைக்கும் இடுமுன், சீப்பில் உதிர்ந்த நரைமுடிகளைச் சேர்த்து நூலால் கட்டி, சாயப்பட்டறையில் மாதிரிச் சிட்டம் தோய்ப்பதுபோல் தோய்த்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் அவுரி என்றால் நிலாவிரையையும் குறிப்பர். பேதி மருந்துக்காகப் பயிரிட்டு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் இலை அது. அதனைப் பொடித்துத் தலையில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் நீலம் வாராது. வாங்கும்போது 'நீலச்சாய அவுரி' என்று தெளிவாகக் கேட்கவேண்டும்.

இப்பொழுது அந்தக் கறுப்பு மருதாணி உறைக்கு வருவோம். இரண்டு இலைகளும், இரண்டு தோய்ப்பும், இரண்டு நாள் காத்திருப்பும் இல்லாமல் அரை மணியில் கறுப்பு வருகிறதென்றால், அங்கே வேலை செய்வது இலை அன்று. அநேகமாகப் பாரா-பினிலீன்-டையமீன் என்னும் இரசாயனமே அது, உறைகளில் பி.பி.டி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குவது. உலகெங்கும் தலைச்சாயங்களில் அது அளவோடு சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளில், தலையில் இடும் கலவையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. பலருக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் சிலருடைய உடல் அதனை ஒருமுறை பகையாகக் கொண்டுவிட்டால், அப்பகை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. தலைத்தோல் அரித்து நீர் கசியும். கண்ணிமைகள் வீங்கிக் கண் மூடிப்போகும். பலமுறை தொல்லையின்றி இட்டவர்க்கும் திடீரென இது நேரலாம்.

நம் அங்கத்தினர்க்கு இதில் தனிப்பட்ட அபாயம் ஒன்று உண்டு. பி.பி.டி.யைப் பகைத்துக்கொண்ட தோல், அதன் உறவான வேறு பொருள்களையும் பகைக்கக்கூடும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளுக்கு இடும் அஸோ வகைச் சாயங்களிற் சில அவ்வுறவைச் சேர்ந்தவை. நரையை மறைக்கப்போய், சாயமும் சாயமேறிய நூலும் தொடும் கை கொப்புளிக்குமானால், போவது பிழைப்பு. ஆகவே உறையில் உள்ள பொருள்களின் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டேனும் படிக்கச் செய்யவேண்டும். பட்டியலே இல்லாத உறையை வாங்கவே கூடாது. இரசாயனச் சாயம்தான் வேண்டுமென்போர், காதின் பின்புறத்தில் ஒரு பொட்டளவு தடவி 48 மணி நேரம் பார்த்த பின்னரே தலையில் இடுக. புருவத்திலும் இமையிலும் எக்காரணம் கொண்டும் இடலாகாது. அத்தகைய தூளை வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்து உயிர் போகும் ஆதலால், அதை எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது அவசியம். கலப்பற்ற மருதாணியிலும் ஒரு விலக்கு உண்டு: ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது பட்டு, இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்தமையை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். கைக்குழந்தைக்கு மருதாணி இடுவதைத் தவிர்த்தல் நன்று.

பயிரிடும் அங்கத்தினர்களுக்குச் சில சொற்கள். இராஜஸ்தானத்துப் பாலி மாவட்டத்தில் சோஜத் என்னும் ஊர், மழை குன்றிய நிலத்தில் மருதாணி விளைத்தே பெயர் பெற்றது; 2021ஆம் ஆண்டில் அவ்வூர் மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தோட்டங்களிலோ அது வேலியாக நின்று, பண்டிகைக்கு நாலு கைப்பிடி பறிப்பதோடு சரி. வேலி மருதாணியும் சாயம் தரும். பூரித்த இலைகளை மழையில் நனையவிடாமல் கொய்து, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, பச்சை மாறாமல் பொடித்துக் காற்றுப் புகாத டப்பியில் அடைத்தால் போதும். நீல அவுரியை நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைப்போர் நம்மில் உளர். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அதன் சாகுபடி சரிந்ததே அன்றிச் செடி மறைந்துவிடவில்லை. மடக்கி உழுமுன், பூக்கத் தொடங்கும் தறுவாயில் ஒரு வரிசையை அறுத்து இலையை விரைவாக உலர்த்தினால் வீட்டுத் தேவைக்குக் கிடைக்கும்.

சங்கங்கள் ஒன்றுகூடி மூட்டையாகத் தூள் வாங்குமாயின், விலை பேசுமுன் சரக்கைச் சோதிக்கவேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் சிட்டிகை தூளைத் தூவினால், நீர் உடனே பளிச்சென்று பச்சையாகுமானால் சாயப்பொடி கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். இலைப்பச்சை நீரில் அவ்வாறு கரைவதில்லை. அடியில் மணல் படிகிறதா என்பதும் அப்போதே தெரியும். பிறகு வெள்ளைக் கம்பளி நூல் ஒரு சிறு சிட்டம் எடுத்து, அலசி, ஊறிய குழம்பில் நான்கு மணி நேரம் வைத்து, மூன்றாம் நாள் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சிட்டத்தில் தேதி எழுதிய சீட்டுக் கட்டி, அடுத்த ஆண்டுச் சரக்கோடு ஒப்பிடச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.