சின்ன அறைக்குத் தகுந்த சத்தம்

அன்புள்ள மருமகளுக்கு,

வெள்ளி இரவு ஒரு பப், சனிக்கிழமை யாரோ ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து, ஞாயிறு மதியம் இன்னொரு பப். லிவர்பூல் போய்ச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மூன்று நிகழ்ச்சிகள்! நாற்பது பாட்டை எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டிருக்கிறாய். பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பழைய ராக் அண்ட் ரோலில் பெரும்பகுதி ஒரே எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது: பன்னிரண்டு பார், மூன்று கார்ட். அதை எல்லாச் சுருதியிலும் வாசிக்கப் பழகிவிட்டால், கேட்டறியாத பாட்டுக்கும் பேஸ் வாசித்துவிடலாம்.

எல்லாச் சுருதியிலும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சக் பெரி பல ஆண்டுகள் கிதாரை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். துணைக்கு அந்தந்த ஊர்க் குழு; ஒத்திகை கிடையாது. 1973-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அப்படி அவருக்குப் பின்னால் நின்று வாசித்தது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழு. என்னென்ன பாட்டு என்றுகூட அவர் முன்னதாகச் சொல்லவில்லை என்று ஸ்பிரிங்ஸ்டீன் பின்னாளில் சிரித்தபடி விவரித்திருக்கிறார். பெரியின் ‘ஜானி பி. கூட்’ பாட்டின் மூலப் பதிவு பி ஃபிளாட்டில் இருக்கிறது. ஏ, ஈ என்று கிதாருக்கு வசதியான சுருதிகளிலேயே வளர்ந்த பையன்கள் அங்கேதான் விழி பிதுங்குவார்கள். நீ பிதுங்காதே.

உனக்கு உண்மையான வேலை வேறு. அது சத்தம். சின்ன பப்பில் டிரம்ஸுக்கு மைக் வைக்க மாட்டார்கள், வைக்கவும் தேவையில்லை. ஆக, டிரம்ஸ் எவ்வளவு கேட்கிறதோ அதுதான் அந்த அறையின் அளவுகோல். கிதாரும் பேஸும் அதைத் தாண்டக் கூடாது. பாடுபவரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும். சொல்வது சுலபம். கிதார்க்காரர் ஆம்ப்பைத் தரையில் வைத்திருப்பார். அது அவர் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டுவார். எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் காது கிழியும். ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றச் சொல். பாதித் தகராறு அதோடு தீரும். (மீதிப் பாதி ஈகோ. அதற்கு மருந்து என்னிடம் இல்லை.)

பேஸ் ஆம்ப்பை மூலையில் தள்ளி வைத்தால் அடி ஒலி பெருகி அறையே உறுமும். வேறு இடம் இல்லையென்றால் பேஸ் குமிழைக் குறைத்துவிடு. பாட்டு ஸ்பீக்கர்கள் இரண்டும் மைக்குகளுக்கு முன்னால் நிற்கட்டும், இல்லாவிட்டால் மைக் கீச்சிடும். காலி அறையில் சவுண்ட் செக் முடிந்ததும் நிம்மதியாகிவிடாதே. கூட்டம் வந்தால் உடம்புகளும் உடைகளும் மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். இடைவேளையில் யாரையாவது கடைசி மேசைக்கு அனுப்பி, பாட்டின் வார்த்தை புரிகிறதா என்று கேட்டு வரச் சொல்.

உன் ஊர்ப் பையன்கள் கதையையே எடுத்துக்கொள். பீட்டில்ஸ் 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் போய் முதலில் வாசித்தது இந்திரா என்ற சின்ன கிளப்பில். படுக்கை, பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பின்னால். இரவுக்குப் பல மணி நேரம் வாசிப்பு. மேடையில் ஆடு, குதி என்று முதலாளியின் விரட்டல். சத்தம் தாங்கவில்லை என்ற புகார்களால் இந்திராவில் இசை நின்றுபோய், அக்டோபரில் அதே முதலாளியின் இன்னொரு கிளப்பான கைசர்கெல்லருக்கு மாற்றப்பட்டார்கள். அவரிடம் இன்னொரு கிளப் இருந்தது. உங்களைக் கூப்பிட்டிருக்கும் பப்காரரிடம் இருக்காது. இங்கிலாந்தில் 2012-இல் வந்த சட்டப்படி, இரவு 11 மணி வரை சின்ன நிகழ்ச்சிகளுக்குத் தனி இசை உரிமம் தேவையில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் அந்தச் சலுகை பறிபோகலாம். பப்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் மறு பேச்சில்லாமல் குறைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை பாட்டு தீர்ந்து நேரம் மிஞ்சினால் பதறாதே. 1958-இன் கடைசியில் ஒரு நடன நிகழ்ச்சியில் ரே சார்ல்ஸுக்கு அதுதான் நேர்ந்தது. பன்னிரண்டு பாரைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பாட, பெண்கள் எதிர்க்குரல் கொடுக்க, கூட்டம் ஆடித் தீர்த்தது. மறு ஆண்டு ‘வாட்ட் ஐ சே’ என்று இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் வெளிவந்தது அந்தப் பாட்டுத்தான். ஹாம்பர்க்கில் பீட்டில்ஸும் அதை இழு இழு என்று இழுத்தே இரவுகளை ஓட்டினார்கள். நீட்டத் தெரிந்தால் போதாது, சேர்ந்து முடிக்கத் தெரிய வேண்டும். கிதார்க்காரர் கிதாரின் கழுத்தைத் தூக்கினால் இதுவே கடைசிச் சுற்று என்பதுபோல ஒரு சைகையை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். முதல் அரைமணி மெதுவான பாட்டுகள். பணம் வந்ததும் முதலில் வண்டி ஓட்டியவருக்குப் பெட்ரோல் காசு, பிறகு சமபங்கு.

கடைசியாக ஒன்று. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நிற்கப்போவது நீ. இசைக்காரர்களுக்கென்றே காது அடைப்பான் விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஜோடி வாங்கிவிடு. பணம் நான் அனுப்புகிறேன், அக்காவிடம் கேட்காதே.

அன்புடன்,
மாமா