அச்சாணியைத் தேடும் பொறிகள்

உரைநடை

நுழையுமுன்

ஒரு பொறியின் பெருமை அதன் பெரிய சக்கரத்தில் மட்டும் இல்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு உறுப்பு ஒன்று தொலைந்தாலும் பொறி நின்றுவிடும். தொலைந்த உறுப்பை மீண்டும் உருவாக்கும் கலையைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் பொறிக்கூடத்தில் பலவகைப் பொறிகளைக் காணலாம். அத்தகைய பொறிகள் இயங்கும் முறையை வீட்டு மேசையின்மீதே சிறுவர்க்குக் காட்டியவை நீராவிப் பொம்மைகள். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பிங் நிறுவனமும், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1937இல் தொடங்கப்பட்ட மாமோட் நிறுவனமும் இவற்றைச் செய்து புகழ்பெற்றன.

இப்பொம்மையின் அமைப்பு எளியது. சிறு விளக்கு கொதிகலனைச் சூடாக்கும், நீராவி உருளைக்குள் புகுந்து உந்துதண்டைத் தள்ளும், சக்கரம் சுழலும். பல பொம்மைகளில் உருளையே ஊசலாடி நீராவியின் வழியைத் திறந்து மூடும். அவ்வுருளையைத் தகட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சிறிய சுருள்வில். அது தொலைந்தால் நீராவி இடுக்கின் வழியே வெளியேறிவிடும், சக்கரம் அசையாது. பிங் நிறுவனமோ 1930களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே தொலைந்த உறுப்பைப் புதிதாகச் செய்துகொள்வதே வழி.

முதற்படி அளத்தல். உறுப்பு உடைந்த நிலையில் கிடைத்தால் அதனை வெர்னியர் அளவியால் அளக்கலாம். அறவே தொலைந்திருந்தால் பொம்மையே சான்று கூறும். இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கச் சக்கரத்தின் அளவைக் காட்டும். வண்ணம் மங்காமல் இருக்கும் இடம், அங்கே பொருந்தியிருந்த உறுப்பின் வடிவத்தைக் காட்டும்.

இரண்டாம்படி மரையை அறிதல். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகாணிகளுக்குப் பொதுவான மரை அளவை முன்மொழிந்தார். அதன் மரைக்கோணம் 55 பாகை. இன்று கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், புதிய திருகாணியைப் பழைய துளையில் வலிந்து செலுத்தினால் நூறாண்டுப் பழைமையுடைய மரை அழிந்துவிடும். பொருந்தாத உறுப்பை இடுவதைவிடத் துளையை வெறுமையாக விடுவதே மேல்.

மூன்றாம்படி உருவாக்குதல். வட்டமான உறுப்புகளைப் பித்தளைத் தண்டிலிருந்து கடைசல் பொறியில் கடைந்தெடுப்பர். பெங்களூருவை அடுத்த சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மை செய்யும் கைவினைஞரின் தொழில்முறையும் இதுவே. சிக்கலான வடிவங்களை வார்த்தெடுப்பர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. உருகிய பித்தளை குளிரும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். பழைய உறுப்பையே மாதிரியாக வைத்து அச்செடுத்தால், 100 மில்லிமீட்டர் நீளமுடைய உறுப்பு 98.5 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். ஆதலால் மாதிரியைச் சற்றுப் பெரியதாகச் செய்தல் வேண்டும். சுவாமிமலைச் சிற்பியர் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். இதே முறை சிறு பொறியுறுப்புகளுக்கும் பயன்படுகிறது.

எனினும், எல்லா உறுப்புகளையும் வீட்டில் செய்துவிட இயலாது. கொதிகலனில் அழுத்தம் மிகும்போது நீராவியைத் தானே வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. அதனிடத்தில் சாதாரணத் திருகாணியைப் பொருத்துவது பேராபத்தை விளைவிக்கும். ஆராய்ந்து சோதிக்கப்பட்ட வால்வையே பொருத்த வேண்டும். பெரியோர் உடனிருக்கும்போது மட்டுமே பொம்மையை இயக்க வேண்டும்.

பொம்மைக்கு நேர்வது பெரும்பொறிக்கும் நேரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் செல்லும் நீலகிரி மலை ரயிலை மக்கள் ‘பொம்மை ரயில்’ என்றே அன்போடு அழைப்பர். யுனெஸ்கோ 2005இல் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பற்சக்கரத்தின் துணையோடு மலையேறும் அதன் பழைய பொறிகள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. அவை முதுமையடைந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் 2014 வரை நான்கு புதிய நீராவிப் பொறிகள் கட்டப்பட்டன. பழைய கைத்திறன் அறவே மறைந்திருந்தால் இது இயன்றிருக்காது.

புதிதாகச் செய்த உறுப்பைப் பழையது என்று கூறி விற்பது பிழை. நேர்மையுள்ள தொழிலாளர் தாம் செய்த உறுப்பின் உட்புறத்தில் சிறு குறி ஒன்றைப் பொறித்துவைப்பர். எது முன்னோர் செய்தது, எது பின்னோர் சேர்த்தது என்பதைப் பின்வருவோர் அறிவதற்கு அக்குறி உதவும்.

உருண்டோடும் பெரிய தேரைத் தாங்குவது சிறிய அச்சாணியே. இவ்வுண்மையைத் திருவள்ளுவர் ‘வினைத்திட்பம்’ என்னும் அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டார். அச்சாணியின் அருமை அது கழன்ற பின்னரே பலருக்குத் தெரிகிறது. அது கழலுமுன்பே அறிந்து காப்பவர் சிலரே.

சொல்லும் பொருளும்

மரை – திருகாணியில் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம்
கடைசல் – சுழற்றிச் செதுக்குதல்
வார்ப்பு – உலோகத்தை உருக்கி ஊற்றி உருவாக்குவது
பாகை – கோணத்தின் அளவு
பணிமனை – தொழிற்கூடம்

மொழியை அறிவோம்

‘அச்சு’ என்னும் சொல் தமிழில் வார்ப்பதற்குரிய அச்சையும் சக்கரத்தின் அச்சையும் குறிக்கும். கன்னடத்திலும் வார்ப்பச்சை ‘அச்சு’ என்றே வழங்குவர்.

பயிற்சி

1. சுருள்வில் தொலைந்தால் பொம்மையின் சக்கரம் ஏன் சுழல்வதில்லை?
2. 200 மில்லிமீட்டர் நீளமுடைய பித்தளை உறுப்பை அச்செடுத்து வார்த்தால், புதிய உறுப்பின் நீளம் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?
3. புதிய உறுப்பில் குறி பொறிப்பது ஏன் தேவை? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டில் பயன்படும் ஒரு கருவியின் சிறு உறுப்புகளுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடமோ பாட்டி தாத்தாவிடமோ கேட்டு எழுதுக.